கரண்டி வைக்காத கோப்பை

கெசீனெ ஓல்ட்மான்ஸ் அமர்ந்திருந்து நான் பார்த்தது அரிது. வெஸ்டர்ஸீல் என்ற கடலோர ஊரில், கடலணைக்குப் பின்புறத் தெருவிலுள்ள செங்கல் வீட்டில், கூரையை ஒட்டிய மேல்தளம் அவருடையது. அதற்கு நேர் கீழே என் குடியிருப்பு. ஆகவே அவருடைய வாழ்க்கையின் பெரும்பகுதியை நான் காலடி ஓசையாகவே அறிந்தேன். சன்னலிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து சன்னலுக்கு. இடையில் ஒரு நாற்காலி இழுபடும், ஆனால் அதில் யாரும் உட்காரும் ஓசை எழாது. சற்று நேரத்தில் மேல்கதவு, பிறகு மாடிப்படி, பிறகு தெருக்கதவு.

ஒருமுறை படிக்கட்டில் இதைக் குறிப்பிட்டபோது அவர் சிரித்தார்.

"நான் ரொட்டிக்கடையில வேலை பார்த்தவ, நாதன். உட்கார்ந்தா முதலாளிக்குப் பிடிக்காது. போகப்போக எனக்கே பிடிக்காமப் போச்சு."

அந்த ரொட்டிக்கடை ஒரு நாள் பூட்டப்பட்டது. முழங்கால்கள் தேய்ந்துபோன, அறுபதை நெருங்கிய பெண்ணை வேறொரு கடை சேர்த்துக்கொள்ளவில்லை. அரசின் உதவித்தொகையில் வாழ நேர்ந்தது. முதல் ஆண்டு அவருடைய வாடகையை மாவட்ட நல அலுவலகம் முழுமையாகக் கட்டியது. அந்த ஆண்டு முடிந்ததும் கடிதம் வந்தது. தனியாள் ஒருவருக்கு மாவட்டம் ஏற்றுக்கொள்ளும் வாடகைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. உங்கள் வாடகை அதைத் தாண்டுகிறது. கோடைக்குள் வாடகையைக் குறைத்துக்கொள்ளவும் அல்லது வீடு மாறவும். தவறினால் வரம்பு வரைக்கும் மட்டுமே கட்டுவோம்.

மிச்சத்தை அவர் தம் உணவுப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். அது முடியாது. ஆகவே வீடு மாறுவதா, இல்லையா என்பதே கேள்வி.

மாறுவதில் அவருக்கு இருந்த தடை ஒரே ஒரு ஆள். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, நோயாளிகளுக்கான பராமரிப்பு இல்லத்தில் அவருடைய தங்கை வீப்கெ இருந்தாள். பக்கவாதம் அவளுடைய வலப்புறத்தையும் பேச்சையும் எடுத்துக்கொண்டு, சில சொற்களை மட்டும் விட்டுவைத்திருந்தது. அவற்றில் பெரும்பாலானவை வசவுகள். அவள் வேறு யார் ஊட்டினாலும் வாயைத் திறக்க மாட்டாள். தாதியர் முயன்றார்கள், மருத்துவர் முயன்றார், குழாய் வைப்பதைப் பற்றிப் பேச்சு எழுந்தது. கெசீனெ நண்பகலில் சூப்புக் கிண்ணத்தோடு போய் நின்றால் மட்டும் வாய் திறக்கும். திறப்பதற்கு முன் வீப்கெ ஒரு சொல் சொல்வாள்.

"லேட்டு."

நேரத்துக்குப் போனாலும் அதே சொல்தான்.

ஆகவே கெசீனெ வீடு தேடினார். தேடியதற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அலுவலகத்தின் நிபந்தனை. ஆனால் நிபந்தனை இல்லாவிட்டாலும் அவர் தேடியிருப்பார். கால்கள் சும்மா இருக்காத பிறவி. ஊருக்குள் வரம்புக்கு உட்பட்ட வீடு விளம்பரமானால், பார்க்க வந்தவர்களின் வரிசை படிக்கட்டில் தொடங்கி நடைபாதைவரை நிற்கும். தொலைபேசியில் பேசுவதை அவர் எங்கள் வீட்டு நடையில் நின்றே பேசுவார். மேல்தளத்தில் அலைவரிசை சரியாகக் கிடைக்காது. எல்லா உரையாடல்களும் ஒன்றுபோலவே முடிந்தன.

"வேலை என்ன பார்க்கறீங்க?"

"இப்போதைக்கு இல்லை. ஆனா வாடகையை அலுவலகமே நேரா உங்க கணக்குல கட்டிடும்."

"ஓ. மன்னிக்கணும், இன்னொருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டோம்."

"நான் பேச ஆரம்பிச்சப்போ குடுக்கலையே?"

மறுமுனை துண்டிக்கப்படும். அவர் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, துண்டிக்கப்பட்ட அந்த வீட்டின் தெருவரைக்கும் நடந்துபோய்ச் சன்னல்களைப் பார்த்துவிட்டு வருவார். ஏன் என்று கேட்டால், "பார்க்கறதுக்கு வரம்பு இல்லையே" என்பார்.

வரம்புக்குள் ஒரு வீடு கிடைத்தது. டீப்பன்மூர் என்ற சிற்றூரில், சதுப்புநிலத்துக்கு நடுவே. பள்ளி நாட்களில் காலையில் ஒரு பேருந்து ஊருக்குள் வரும், பிற்பகலில் ஒன்று திரும்பும். விடுமுறைகளில் அதுவும் இல்லை. வீடு நன்றாகவே இருந்ததாம். வீட்டுக்காரம்மாவும் நல்லவராம்.

"பிடிக்கலையா?" என்று அவர் கேட்டிருக்கிறார்.

"வீடு பிடிச்சிருக்கு. ஊருதான் தூரம்."

"எதுக்குத் தூரம்?"

"ஒரு கிண்ணம் சூப்புக்கு."

அந்த அம்மையாருக்கு விளங்கவில்லை. அலுவலகத்துக்கோ விளங்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பொருத்தமான வீடு ஒன்று இருக்கிறது, விண்ணப்பதாரர் மறுக்கிறார் என்று பதிவாகிவிட்டது.

கெசீனெ அலுவலகத்துக்குப் போனார். வரம்புகளைக் கவனித்த அலுவலர் இம்கெ ரீண்ட்ஸ் எங்கள் ஊர்ப் பெண்தான். ரொட்டிக்கடையில் கெசீனெயிடம் எள் ரொட்டி வாங்கி வளர்ந்தவர். நாற்காலியைக் காட்டினார். கெசீனெ அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரும்மா இந்த வரம்புக் கோட்டைப் போட்டது?"

"நாங்களா போடலை, ஃப்ராவ் ஓல்ட்மான்ஸ். ஊரே போட்டது. வீட்டுக்காரங்க எல்லார்கிட்டயும் என்ன வாடகை வாங்கறீங்கன்னு கேட்டோம். வந்ததைக் குறைஞ்சதுல இருந்து கூடினதுவரை அடுக்கினோம். கீழ்ப்பக்கமா ஒரு இடத்துல வெட்டினோம். சட்டம் சொல்ற முறை அதுதான்."

"அடுக்குல என்ன தெரிஞ்சுது?"

"எங்களுக்கே ஆச்சரியம். பக்கத்து மாவட்டத்தைவிட இங்க வாடகை ரொம்பக் குறைவு. நம்ம ஊருல நல்ல மனுசங்க நிறைய."

"அந்த நல்ல மனுசங்க எந்தத் தெருவுல இருக்காங்கன்னு சொல்லுங்க. ஃபோன்ல ஒருத்தரும் எனக்குச் சிக்கலை."

இம்கெ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, மே மாதம் மாவட்டத்தின் சமூகக் குழு கூடும்போது வரம்பு மறுபடி பார்க்கப்படும் என்றார். விடுபட்ட வாடகைகள் இருந்தால் அதற்குள் சேர்க்கலாம்.

"என்னோடதைச் சேர்த்துக்குங்க. இப்பவே சொல்றேன்."

"நீங்க சொன்னா சேராது. வீட்டுக்காரர் சொல்லணும். உங்க வீட்டுக்காரர்தான் ஏற்கெனவே பதில் அனுப்பிட்டாரே?"

எங்கள் வீட்டுக்காரர் ஓன்னோ ப்ரோக்மான், கூரை வேய்வதைத் தொழிலாகச் செய்து ஓய்ந்தவர், மனைவியை இழந்தவர், கீழ்த்தளத்தில் தனியே வாழ்ந்தார். முதல் தளத்தில் நானும், எதிர்க்கதவில் தச்சர் ஹின்ரிக்கும் பழைய குடித்தனக்காரர்கள். எங்கள் இருவரிடமும் ஓன்னோ ஒருமுறைகூட வாடகையை ஏற்றியதில்லை. குடியிருப்பவரிடம் வாடகையை ஏற்றுவது, விருந்தாளியிடம் தேநீருக்குக் காசு கேட்பதற்குச் சமம் என்பது எங்கள் ஊர்ப் பழைய வீட்டுக்காரர்களின் எண்ணம். கெசீனெ மட்டும் கணவரைப் பிரிந்து அண்மையில் வந்தவர். புதிதாக விடும் வீட்டுக்கு நடப்பு விலை வாங்குவது குற்றமில்லை, எல்லாரும் செய்வதுதான். ஆனால் அதை யாரும் வாயால் சொல்வதில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருக்காரர்கள் வழக்கம்போல் பந்தெறியப் போனோம். கனமான பந்தை நாட்டுப்புறச் சாலையில் உருட்டி எறிந்து, அது நின்ற இடத்திலிருந்து அடுத்தவர் எறிய, அப்படியே அடுத்த ஊர்வரை நடந்து, அங்குள்ள விடுதியில் கீரையும் கொத்துக்கறியும் தின்பது குளிர்கால வழக்கம். கைவண்டியில் சாராயப் புட்டிகள். கெசீனெயும் வந்தார், நடக்கும் வேலையை அவர் தவறவிடமாட்டார். சாலையோரக் கால்வாயில் விழும் பந்தை அள்ளுவதற்கான நீண்ட கம்புக் கூடை அவர் கையில் இருந்தது.

இரண்டாவது சுற்றுச் சாராயத்தில் பேச்சு, மாவட்டத்தின் கணக்கெடுப்புக்குத் திரும்பியது. இரண்டு வீடுகளுக்கும் ஒரு வண்ணப்பூச்சுக் கடைக்கும் உரிமையாளரான ஐலெர்ட் தம்மென் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எங்க அத்தை வீட்டுல இருக்கானே பழைய படகோட்டி, அவன்கிட்ட இன்னும் பழைய மார்க் நாணயம் புழங்கின காலத்து வாடகைதான். அதைத்தான் எழுதி அனுப்பினேன். பெரிய பட்டணத்துக்காரன் பார்க்கட்டும், மனுசன்னா எப்படி இருக்கணும்னு."

"உன் கடைக்கு மேல இருக்கற வீடு?" என்றார் ஹின்ரிக்.

"அதையெல்லாம் எவனாவது எழுதுவானா? அது நேத்து விட்டது."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்த விதத்தில், அவர்கள் அனைவரும் அதையே செய்திருந்தார்கள் என்பது தெரிந்தது.

"நம்ம ஓன்னோவும் எழுதியிருக்க மாட்டான். ஊருலயே தங்கமான வீட்டுக்காரன்னு பேரு வாங்கினவனாச்சே" என்றார் ஐலெர்ட்.

ஓன்னோ போய்ப் பந்தை எறிந்தார். அது நேரே கால்வாயில் விழுந்தது.

கெசீனெ கம்புக் கூடையோடு கரையில் நின்றார்.

"ஓன்னோ, என்னோடதை எழுதினீங்களா?"

"பந்து எங்க போச்சுன்னு பாரு."

"பந்து தண்ணியில இருக்கு. என்னோடது?"

"நாதனோடதையும் ஹின்ரிக்கோடதையும் எழுதினேன்." அவர் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார். "உன்னோடதை எழுதினா நல்லா இருக்காதுன்னு பட்டுது."

கெசீனெ பந்தை அள்ளி, நீர் சொட்டச் சொட்ட அவர் கையில் கொடுத்தார். கீரை தின்ன வரவில்லை. வந்த சாலையிலேயே திரும்பி, குளிர்காற்றை எதிர்த்து நடந்து போய்விட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. திங்கட்கிழமைப் பிற்பகல்களில் நான் ஓன்னோவின் சமையலறையில் தேநீர் அருந்துவது வழக்கம். முதல் கோப்பை முடியும்போது கெசீனெ கதவைத் தட்டி உள்ளே வந்தார். ஓன்னோ வேறு வழியின்றி இன்னொரு கோப்பையை எடுத்தார். கற்கண்டைப் போட்டு, சூடான தேநீரை ஊற்றியதும் அது மெல்ல வெடித்துக் கிறீச்சிட்டது. பாலாடையை ஓரமாக விட்டார். கலக்குவது எங்கள் ஊரில் இல்லை. கரண்டி கலக்குவதற்கன்று, போதும் என்பதற்கு. விருந்தாளி கரண்டியைக் கோப்பைக்குள் வைக்கும்வரை வீட்டுக்காரர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வாயால் "போதும்" என்பது செல்லாது.

கெசீனெ நாற்காலியில் உட்கார்ந்தார். நானும் ஓன்னோவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அடுத்த கணக்கெடுப்பு வந்தா உன்னோடதையும் எழுதறேன்" என்றார் ஓன்னோ.

"அடுத்த கணக்கெடுப்புக்கு நான் டீப்பன்மூர்ல இருப்பேன். வீப்கெ மூக்குல குழாயோட இருப்பா."

கோப்பை காலி. அவர் ஊற்றினார்.

"வாடகையைக் குறைச்சிருப்பேன், கெசீனெ. கூரைக்கு வாங்கின கடன் உன் வாடகையிலதான் ஓடுது. நாதன் தர்றது குழாய்க்காரனுக்கே பத்தாது."

நான் என் கோப்பைக்குள் பார்த்தேன்.

"குறைக்கச் சொல்லலையே. வாங்கறதை வெளியில சொல்லத்தான் சொல்றேன்."

"சரி. ஒரு கடிதம் எழுதிப் போட்டுடறேன்."

"நீங்க மட்டும் எழுதினா ஒரு வீடு. கோடு அசையாது. கூட்டத்துல எல்லார் முன்னாடியும் எழுந்து சொன்னா, ஐலெர்ட்டும் சொல்லியாகணும். மத்தவங்களும்."

"ஐலெர்ட் முன்னாடியா? தனியா வந்த பொம்பளைகிட்ட நான் இவ்வளவு வாங்கறேன்னு?"

"வாங்கறதுக்கு வெக்கமில்லை. சொல்றதுக்குத்தான் வெக்கமா?"

ஓன்னோ கேத்தலை மறுபடி அடுப்பில் ஏற்றினார். மூன்று கோப்பை எங்கள் ஊரில் ஒருவரின் உரிமை. அதற்கு மேல் எண்ணுவது நாகரிகமன்று. நான் என் கரண்டியை எப்போதோ கோப்பைக்குள் வைத்துவிட்டேன். எழுந்து போவதா, இருப்பதா என்று தெரியாமல் இருந்தேன். மேசைக்கடியில் கெசீனெயின் முழங்கால்கள் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தன; மேசைமேலிருந்த பாலாடைக் கிண்ணம் அதனால் நடுங்கியது. கைகள் மேசை விளிம்பைப் பற்றியிருந்தன. பற்றாவிட்டால் அவர் எழுந்துவிடுவார் என்பது எனக்கும் தெரிந்தது, ஓன்னோவுக்கும் தெரிந்தது.

"உனக்குத்தான் உட்காரவே வராதே" என்றார் ஓன்னோ, சற்று இரக்கத்தோடு.

"வரலைதான். ஊத்துங்க."

ஊற்றினார். பாலாடை தீர்ந்தது. பிறகு கற்கண்டுப் பெட்டியைத் திறந்து பார்த்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தார்.

"கற்கண்டு தீர்ந்துபோச்சு."

கற்கண்டு இல்லாத தேநீரை விருந்தாளிக்கு ஊற்றுவது எங்கள் ஊரில் ஒரு வீட்டின் பெயரையே கெடுக்கும்.

"வெறும் தேத்தண்ணியே ஊத்துங்க" என்றார் கெசீனெ. "வெளியில சொல்ல மாட்டேன். நம்ம ஊருல கெட்டதை யாரு வெளியில சொல்றாங்க?"

ஓன்னோ கெண்டியைக் கையில் பிடித்தபடி நின்றார். அவர் கழுத்து சிவந்தது. கெண்டியை மேசைமேல் வைத்தார்.

"மே மாசமா?"

"மே மாசம்."

"ஐலெர்ட் வருவானா?"

"நான் வரவைக்கறேன்."

"சரி. சொல்றேன்."

கெசீனெ கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தார். வைத்த கை மேசையிலிருந்து எடுபடும் முன்பே எழுந்து நின்றிருந்தார். கதவும் படிக்கட்டும் ஒரே மூச்சில் அதிர்ந்தன. தலைக்குமேல் ஒரு தளம் தாண்டி, அவர் நடப்பது கேட்டது.

மே வரையிலான நாட்களில் அந்த நடை கூடியதே தவிரக் குறையவில்லை. ஓன்னோ பின்வாங்கிவிடுவாரோ என்ற அச்சம் அவருக்கு. ஓன்னோவைப் படிக்கட்டில் கண்டால் எதுவும் கேட்கமாட்டார். "மொய்ன்" என்று வணக்கம் மட்டும் சொல்லி, ஒரு கணம் கூடுதலாக நிற்பார். ஓன்னோ தலையசைப்பார். ஐலெர்ட்டின் கடைக்கு இரண்டு முறை போய், தேவையில்லாத வண்ணத்துக்கு விலை கேட்டு, பேச்சுவாக்கில் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவைத்தார். "பந்தெறியறப்போ பெருமையாப் பேசினீங்களே, அங்க வந்து பேசுங்க" என்றாராம். ஐலெர்ட் பெருமைக்கு மறுப்புச் சொல்லக்கூடியவர் அல்லர்.

கூட்டம் மாவட்ட மன்றத்தில் நடந்தது. குடிமக்கள் கேள்வி கேட்பதற்கென்று தொடக்கத்தில் சிறிது நேரம் உண்டு. ஓன்னோ இறப்பு வீட்டுக்கு அணியும் கறுப்பு உடையில் வந்திருந்தார். கெசீனெ பின்சுவரில் சாய்ந்து நின்றார். பெயர் கூப்பிட்டதும் ஓன்னோ எழுந்தார்.

"ப்ரோக்மான், வெஸ்டர்ஸீல். என் வீட்டுல மேல்தளத்தையும் சேர்த்து மூணு குடித்தனம். நான் கணக்கெடுப்புல ரெண்டைத்தான் எழுதினேன். மூணாவதுக்கு அதிகமா வாங்கறேன். அதனால எழுதலை."

"உங்க கேள்வி என்ன, ஹெர் ப்ரோக்மான்?" என்றார் தலைவர். "இது கேள்வி நேரம். பாவமன்னிப்புக்கு எதிர்ல தேவாலயம் இருக்கு."

அவையில் சிரிப்பு எழுந்தது. ஓன்னோ உட்காரவில்லை.

"கேள்வி இருக்கு. நான் எழுதாம விட்டதை இப்போ சேர்ப்பீங்களா? சேர்க்கறதா இருந்தா, எங்க தெருவுல என்னை மாதிரி விட்டவங்க நிறையப் பேரு. நம்ம நல்ல பேரை எல்லாம் அடுக்கி வச்சுக் கோடு போட்டிருக்கீங்க. அந்தக் கோட்டுக்குக் கீழ இந்த ஊருல காலி வீடே கிடையாது."

"எழுந்ததுதான் எழுந்தே, எவ்வளவு வாங்கறேன்னும் சொல்லேன்" என்று பின்வரிசையிலிருந்து ஐலெர்ட் குரல் கொடுத்தார்.

ஓன்னோ தொகையைச் சொன்னார். அவையில் யாரோ இருமினார்கள். பிறகு ஓன்னோ திரும்பினார்.

"உன் கடைக்கு மேல, ஐலெர்ட்?"

ஐலெர்ட் தொப்பியை மடியில் சுழற்றினார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"அதுவா? அது... இவன் சொன்னதைவிடக் கொஞ்சம் கூட."

இம்முறை சிரிப்பு எழவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்மணி, தம்முடைய தோட்டத்து வீட்டையும் எழுதவில்லை என்றார். வேறொருவர் கையை உயர்த்தினார். இம்கெ ரீண்ட்ஸ் தலைநிமிராமல் குறித்துக்கொண்டே போனார். விடுபட்டவற்றைக் கேட்டு வீட்டுக்காரர்களுக்கு மறுபடி எழுதுவது என்றும், அது முடியும்வரை யாரையும் வீடு மாறச் சொல்வதில்லை என்றும் குழு முடிவு செய்தது. கெசீனெ முடிவைக் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தபோது சுவரோரம் வெறுமையாக இருந்தது. நண்பகல் நெருங்கிக்கொண்டிருந்தது.

கோடை முடிவில் புதிய கடிதம் வந்தது. வரம்பு உயர்ந்திருந்தது. பெரிதாக அல்ல, ஆனால் கெசீனெயின் வாடகை அதற்குள் அடங்கிற்று. அவர் கடிதத்தைப் படிக்கட்டிலேயே நின்று படித்தார். என்னிடம் நீட்டி நானும் படிக்கும்வரை காத்திருந்தார். பிறகு சூப்புக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். இனி எங்கும் போகப்போவதில்லை என்று அவர் சொன்னபோது, வீப்கெ நெடுநேரம் அவரைப் பார்த்துவிட்டு, "லேட்டு" என்றாளாம். பிறகு வாயைத் திறந்தாளாம்.

வரம்பை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மறுபடி கணக்கிடுவார்கள். ஆகவே சனிக்கிழமைச் செய்தித்தாளின் வீட்டு விளம்பரங்களை கெசீனெ இப்போதும் நடையில் நின்றே படிக்கிறார். தேவையில்லையே என்றேன். "எனக்குத் தெரியுது. என் காலுக்குத் தெரியலை" என்றார்.

இலையுதிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, ஓன்னோ என்னையும் ஹின்ரிக்கையும் கெசீனெயையும் தேநீருக்கு அழைத்தார். கற்கண்டுப் பெட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. நாங்கள் இருவரும் அமர்ந்தோம். கெசீனெ கதவுநிலையில் சாய்ந்து, கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டார். முதல் கோப்பை முடியும்வரை ஓன்னோ தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசினார். இரண்டாவதை ஊற்றியபடியே, புத்தாண்டிலிருந்து என் வாடகையையும் ஹின்ரிக்குடையதையும் சற்று ஏற்றப்போவதாகவும், மேல்தளத்துக்கு அந்த அளவு குறைக்கப்போவதாகவும் சொன்னார்.

"இனிமே எவன் கேட்டாலும் மூணையும் ஒரே மூச்சுல சொல்லணும் எனக்கு" என்றார், எங்களைப் பாராமல்.

ஹின்ரிக் ஏதோ சொல்ல வாயெடுத்து என்னைப் பார்த்தார். நான் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தேன். அவரும் வைத்தார்.

கெசீனெ தம் கோப்பையை நின்றபடியே குடித்து முடித்து, கரண்டியை அதில் போட்டு, தொட்டியருகே வைத்துவிட்டு வெளியேறினார். படிக்கட்டிலிருந்து அவர் குரல் வந்தது.

"குறைச்சதையும் எழுதிடாதீங்க ஓன்னோ. கோடு மறுபடி இறங்கிடப்போகுது."

"எழுதுவேன்" என்று கத்தினார் ஓன்னோ. "மூணையும் எழுதுவேன்."

மேலே ஏறிக்கொண்டிருந்த காலடிகள் ஒரு கணம் நின்று, பிறகு முன்னிலும் விரைவாக ஏறின.